முன்சீட்டு
அப்பா வாடகைக்கு ஓட்டிய டாடா சுமோவில் கே.ஜி.கண்டிகையே ஊர் சுற்றியது. அம்மா மட்டும் நகரியைத் தாண்டியதில்லை. அப்பா போனபின் ஒருநாள், "ஹம்பி பாக்கணும்டா" என்றாள்.

1994-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. பின்னால் எதிரெதிர் சீட்டுகள். நடுவே பலகை வைத்தால் படுக்கை; அடியில் தண்ணீர் கேன், அடுப்பு. கனம் கீழே இருந்தால்தான் வளைவுகளில் வண்டி ஆடாது. மேலே கேரியரில் தார்ப்பாய் மட்டும்.

"பெரிய டயர் போட்டா கெத்தா இருக்கும்ண்ணே" என்றான் மெக்கானிக் பையன். கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. அதைவிட, டயர் பெருத்தால் வண்டி உயரும். திருத்தணியின் 365 படிகளையும் ஏறிய முழங்கால், இப்போது இந்த ஓர் ஏற்றத்துக்கே தயங்குகிறது.

கடைசியாக வாங்கியது ஒரு முக்காலி. அதில் கால் வைத்து ஏறி, அம்மா முதன்முறையாக முன்சீட்டில் உட்கார்ந்தாள்.