எத்தனை சக்கரம்?

நாமக்கல்லில் யாரிடமாவது போய், ‘வண்டி வாங்கப் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பெட்ரோலா டீசலா, என்ன கலர், மைலேஜ் எவ்வளவு என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். ‘‘எத்தனை சக்கரமுங்க?’’ என்பார்கள். பன்னிரண்டு, பதினாலு என்று சொன்னால் நாற்காலி போட்டு டீ வரும். நாலு என்று சொன்னால், பாவம், பிள்ளைக்குப் பொம்மை வாங்க வந்திருக்கிறான் என்பது போல ஒரு பார்வை.

ஊர் அப்படி. சேலத்திலிருந்து வரும்போதே ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிகளுக்கு பாடி கட்டிக்கொண்டிருப்பார்கள். முகம் மட்டும் இருந்து உடம்பு இல்லாத லாரிகள், உடம்பு முடிந்து பெயின்ட்டுக்காகக் காத்திருக்கும் லாரிகள், காஸ் ஏற்றும் டாங்கர்கள். பக்கத்துத் திருச்செங்கோட்டுக்குப் போனால் போர் போடும் ரிக் வண்டிகள். இந்தியாவில் எந்த மூலையில் நிலத்தைத் தோண்டினாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டுக்காரர் தமிழில் திட்டிக்கொண்டிருப்பார். ஊருக்கு நடுவே ஒரே கல்லாக ஒரு மலை, மேலே கோட்டை, கீழே 18 அடி ஆஞ்சநேயர். அவருக்குக் கூரை கிடையாது. வெயிலோ மழையோ நின்றுகொண்டேதான் இருக்கிறார். லாரி ஓட்டுகிறவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

எனக்கு வேண்டியிருந்தது நாலு சக்கரம்தான். சென்னைப் பத்திரிகைகள் ‘காம்பாக்ட் எஸ்.யு.வி.’ என்று எழுதுகிற ரகம். நான் இருப்பது சேலம். அம்மா நாமக்கல்லில், மாமா வீட்டுக்கு அடுத்த வீட்டில். எங்கள் குலதெய்வம் இருப்பது கொல்லிமலையில். மாசம் ஒரு அமாவாசை விடாமல் போய்வந்த அம்மா, போன வருஷம் நாலு அமாவாசை போகவில்லை. வாடகைக்கு வருகிற தாழ்வான காரில் குனிந்து உட்கார்ந்து எழுவதற்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. ‘‘சாமி கோவிச்சுக்காது, விடுப்பா’’ என்று அம்மா சொன்ன விதத்திலேயே, சாமியைவிட அம்மாவுக்குத்தான் வருத்தம் அதிகம் என்று தெரிந்தது.

முட்டிக்கும் இந்த ரகக் காருக்கும் உள்ள உறவைப் பற்றி விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. சாதாரணக் காரில் இறங்கி உட்கார வேண்டும். பெரிய எஸ்.யு.வி.யில் ஏற வேண்டும், அதற்கு யாராவது பின்னால் தள்ள வேண்டும். இதில் சும்மா நகர்ந்து உட்கார்ந்தால் போதும். சீட்டின் உயரம் அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு வருகிறது. மற்றபடி பெயரில் இருக்கிற வீரம் வண்டியில் கிடையாது. ஜீப்பின் மூஞ்சியை மாட்டிக்கொண்ட கார்தான். இந்த ரகத்தில் அநேகமாக எல்லாமே முன்சக்கரத்தால் மட்டும் இழுப்பவை. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் சமாசாரம் இல்லை. லாரி மாதிரி அடியில் தனி சட்டமும் கிடையாது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய என் மாமா ஒரு வண்டிக்கு அடியில் குனிந்து வெகுநேரம் தேடிவிட்டு, ‘‘ஏன்டா மாப்ளே, இதுக்கு சேஸிஸ் வெக்க மறந்துட்டானுகளா?’’ என்று கேட்டார்.

இன்னொரு ரகசியம், இந்த வண்டிகளை வடிவமைத்தது இன்ஜினீயர் மட்டுமில்லை. பாதி பொறுப்பு வரி இலாகாவுக்கு. 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் இருந்தால் வரி குறைவு என்று வைத்தார்கள். அன்றிலிருந்து கம்பெனிகள் டேப்பும் கையுமாக அலைகின்றன. பிரெஸ்ஸா 3,995 மில்லிமீட்டர். வென்யூ 3,995. சோனெட்டும் 3,995. ஏதோ பேசி வைத்துக்கொண்டது போல ஐந்து மில்லிமீட்டரை மிச்சம் விட்டு வாலை நறுக்கியிருக்கிறார்கள். பி.காம். படித்தவனுக்குக் காரில் அழகாகத் தெரிவது இந்த ஐந்து மில்லிமீட்டர்தான்.

2025 செப்டம்பர் 22-லிருந்து இந்தக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமாகிவிட்டது. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசி அல்லது டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். தாண்டினால் 40. போதாததற்கு 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் சாலை வரியை ஏற்றியபோது, பத்து லட்சம் வரை 13 சதவிகிதம், பத்தைத் தாண்டினால் 18 என்று வைத்தார்கள். ஆகவே ஒன்பதே முக்கால் லட்சத்து வண்டியில் சன்ரூஃப் ஆசைப்பட்டு பத்தேகால் லட்சத்து மாடலுக்குத் தாவினால், கூரையில் ஓட்டை போட்ட கூலி மட்டுமில்லை, முழு விலைக்கும் ஐந்து சதவிகிதம் அதிக வரி. நம்ம ஊர் வெயிலுக்கு சன்ரூஃப் எதற்கு என்பது தனிக் கேள்வி. ஆஞ்சநேயருக்கு வேண்டுமானால் சரி.

சேலத்து ஷோரூம்களில் நாலைந்து புது வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். டெஸ்ட் டிரைவ் என்பது வழவழப்பான ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். பக்கத்தில் டை கட்டிய பையன். ஏ.ஸி., பாட்டு, பேசினால் பதில் சொல்லும் டாஷ்போர்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி சாப்பிடுகிற மாதிரிதான். குடித்தனம் எப்படி என்று அதில் தெரியாது.

பழைய வண்டிக் கடை ஒன்றுக்கு மாமாவைக் கூட்டிப்போனேன். கடைப் பெயர் வேண்டாம். மீட்டரில் 32,000 கிலோமீட்டர். மாமா மீட்டரைப் பார்க்கவேயில்லை. கதவைத் திறந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவினார். அது வழுக்கைத் தலையாக இருந்தது. ‘‘இந்தக் காலு லட்சம் கிலோமீட்டர் மிதிச்சிருக்கு தம்பி’’ என்றார். கடைக்காரர் உடனே பேச்சை இன்ஷூரன்ஸுக்கு மாற்றினார். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்ப்பது மாமாவின் இன்னொரு பழக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பது ஊருக்கே தெரியும். நாற்றத்தை மறைக்க ஸென்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகம்.

கடைசியில் வண்டி கிடைத்தது நாமக்கல்லிலேயே. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. 2018 மாடல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, டீசல், 48,000 கிலோமீட்டர். கண்ணில் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து ஓட்டுவதில்லையாம். டீசல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் எண் எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் அந்த நோட்டிலேயே விழுந்துவிட்டேன். மாமா விழவில்லை.

‘‘காலையில ஆறு மணிக்கு வர்றோமுங்க சார். அதுக்கு முந்தி ஸ்டார்ட் பண்ணிராதீங்க’’ என்றார். மறுநாள் போனதும் முதல் வேலையாக பானெட்டின் மேல் கையை வைத்தார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல. ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்தால் யாரோ முன்னாலேயே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள், ஏதோ கோளாறு என்று அர்த்தம். பிறகு டயர். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 1418 என்றால் 2018-ம் வருஷத்தின் 14-வது வாரத்தில் பிறந்தது. ஓடுகிற நாலும் 2023. டிக்கியில் ஸ்டெப்னி மட்டும் 2018. வண்டியோடு பிறந்த ஸ்டெப்னி இன்னும் இருக்கிறதென்றால் நல்ல சகுனம். பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட காயம் இல்லை. இன்ஷூரன்ஸில் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவிகிதம். அதாவது ஐந்து வருஷமாக இடித்துவிட்டுப் பணம் கேட்டதில்லை.

‘‘இப்ப மலைக்குப் போலாம்’’ என்றார் மாமா.

தலைமையாசிரியர் திடுக்கிட்டார். ஆனாலும் நல்ல மனிதர். தானும் வருவதாகச் சொல்லிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். அம்மா முன் சீட்டு. மாமா, என் மனைவியோடு அஞ்சு பேர், ஒரு மூட்டை பூஜை சாமான். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளியில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். பரீட்சை ஹாலில் நம்பர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இந்த எஞ்சின் 1,248 சிசி, 90 குதிரை. குதிரைக் கணக்கு மலையில் முக்கியமில்லை. இழுவைதான் முக்கியம். 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,750 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்குக் கீழே சுற்று இறங்கினால் டர்போ தூங்கிவிடும். ஏழாவது வளைவில் இரண்டாம் கியரிலேயே சமாளிக்கலாம் என்று திருப்பினேன். வண்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ‘‘ஃபர்ஸ்ட் போடுறா. கியர் எதுக்கு இருக்குது, அழகுக்கா?’’ என்றார் மாமா. அதன் பிறகு தாளம் பிடிபட்டது. வளைவுக்கு முன் ஹாரன், ஃபர்ஸ்ட், திரும்பி முடிந்ததும் செகண்ட். எதிரே இறங்குகிறவர்கள் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது சட்டம். மலைக்காரர்கள் விடுகிறார்கள். சனி ஞாயிறு வருகிற டூரிஸ்ட்டுகள் செல்ஃபி எடுக்கிறார்கள். முப்பதாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. ஏ.ஸி.யை அணைத்தோம். எஞ்சின் சூடு முள் நடுவிலேயே நின்றது. பின் சீட்டில் தலைமையாசிரியர், ‘‘என் வண்டி இப்படியெல்லாம் ஏறுமா?’’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட மலைக்குக் கொண்டுவந்ததில்லையாம்.

மேலே சோளக்காடு. வாழைத்தார், அன்னாசி, மிளகு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்கிற அழகுக்காகவே ஒரு தடவை வரலாம். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு சொல்கிறது. கார் வாங்க வருகிற நாம் எல்லோரும் தேடுவது அந்த அம்பைத்தான். ஆபீஸுக்கும் வேண்டும், மலைக்கும் வேண்டும், மாமனார் மெச்ச வேண்டும், மைலேஜ் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும்.

குலதெய்வத்தைப் பார்த்துவிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா காரிலிருந்து இறங்கும்போது மட்டும் கவனித்தேன். கதவைப் பிடித்தாள், ஆனால் என் கையைத் தேடவில்லை.

இறங்குவதுதான் பெரிய பரீட்சை. ‘‘ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக்கை மிதிச்சிட்டே போனா கீழ போய்ச் சேர்றதுக்குள்ள கருகிரும்’’ என்று முதல் வளைவிலேயே மாமா சட்டம் போட்டார். கீழே காரவள்ளியில் நிறுத்தி நாலு சக்கரத்தையும் மோந்து பார்த்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அடுத்த ஞாயிறு, மாமா மகன், அதாவது என் மச்சான், புதிதாக வாங்கியிருந்த 1,200 சிசி பெட்ரோல் வண்டியில் அதே மலை, அதே அஞ்சு ஆள் பாரம். டர்போ இல்லாத இந்த அளவு எஞ்சின்களில் இழுவை 115 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், அதுவும் 4,000 சுற்றுக்குப் போனால். ஆகவே வளைவுக்கு வளைவு ஃபர்ஸ்ட் கியரில் அலறிக்கொண்டு ஏறியது. ஏறாமல் இல்லை. ஆனால் ஊருக்குள் அது வெண்ணெய். சத்தமே கிடையாது, கிளட்ச் பஞ்சு. தினம் ஆபீஸுக்கு எட்டு கிலோமீட்டர் போய்வருகிற மச்சானுக்கு அதுதான் சரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு. நீளமாக ஓடிச் சூடேறினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். எட்டு கிலோமீட்டர்காரர் டீசல் வாங்கினால் அது அடைத்துக்கொண்டு பர்ஸைத் திறக்கும். ஆயிரம் சிசி டர்போ பெட்ரோல் என்று ஒரு நடுவழி இருக்கிறது. மலையும் ஏறும், சத்தமும் இல்லை. நான் கேட்ட மாடல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த 18 சதவிகிதம் நினைவிருக்கிறதல்லவா?

ராத்திரி பேப்பரை எடுத்தேன். புது வண்டிக்கு எட்டு லட்சம் கடன், 9 சதவிகிதம், ஏழு வருஷம் என்றால் மாசம் சுமார் 12,870 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்து 81 ஆயிரம். ஐந்து வருஷத்தில் கட்டினால் மாசம் 16,600. வட்டி 2 லட்சத்துக்கு உள்ளே. ஏழு வருஷம் என்று சேல்ஸ் பையன் புன்னகையோடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தேய்மானக் கணக்குப்படி, ஐந்து வருஷம் நெருங்கும்போது வண்டி மதிப்பு பாதி. அந்தப் பாதியைத் தலைமையாசிரியர் ஏற்கெனவே கட்டிவிட்டார். 2018 வண்டிக்கு ஆர்.சி. 2033 வரை. மாசம் ஒரு மலை, வாரம் ஒரு சேலம்-நாமக்கல் என்கிற என் ஓட்டத்துக்குப் பழைய டீசல்தான் என்று முடிவாயிற்று.

அவர் ஆறு லட்சம் என்றார். மாமா ஐந்தரை என்றார். அந்தக் காலத்து மாட்டுச் சந்தையாக இருந்தால் துண்டைப் போட்டு விரலைப் பிடித்திருப்பார்கள். டீ வந்தது, இன்னொரு டீ வந்தது, ஐந்தே முக்காலில் நின்றது. ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் அங்கேயே கையெழுத்து வாங்கினேன். பாங்க்கில் கடன் எதுவும் பாக்கியில்லை என்று ஆர்.சி.யில் பார்த்துக்கொண்டேன். ஃபாஸ்டாகை ரத்து செய்யச் சொன்னேன். இல்லாவிட்டால் நான் கடக்கிற டோலுக்கெல்லாம் அவர் பென்ஷன் போகும். நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். அவருடைய 50 சதவிகிதம் எனக்கு வராது. அதைச் சொன்னதும், என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி காரைத் திறந்தார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன ஆஞ்சநேயரை நகத்தால் நெம்பினார். ‘‘இவரை மட்டும் எடுத்துக்கட்டுமா தம்பி?’’

‘‘அவரையும் சேர்த்துத்தானுங்க விலை பேசினது’’ என்றார் மாமா.

அம்மா மாமாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். ‘‘எடுத்துக்குங்க சார், அவன் கெடக்கறான்’’ என்று சொல்லிவிட்டு, யாரும் கதவைப் பிடிக்காமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைத் தேட ஆரம்பித்தாள்.