சுக்கிர தசை

பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கிவிட்டால், "அவருக்கென்ன, சுக்கிர தசை அடிக்கிறது" என்று பெருமூச்சு விடுவது நம் வழக்கம். வீடு, வாகனம், ஆபரணம், சங்கீதம் ஆகிய சகல சுகங்களையும் ஜோசியர்கள் சுக்கிரனுடைய இலாகாவில்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தக் கிரகத்தைப் பார்த்தாலும் நம்பத்தான் தோன்றும். சூரிய சந்திரர்களை விட்டால் வானத்தில் அவ்வளவு பிரகாசமான கிரகமோ நட்சத்திரமோ கிடையாது. பருமனிலும் கிட்டத்தட்டப் பூமியை ஒத்தது. ஆகவே, அதை மூடியிருக்கும் மேகத்துக்குக் கீழே ஈரமும் பசுமையுமாக ஒரு வனமே இருக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய விஞ்ஞானிகளே கற்பனை செய்தார்கள். எங்கள் தொழிலில் அவர்கள் தலையிட்டால் இப்படித்தான் ஆகும்!

சுக்கிரனுடைய மெய்யான ஜாதகத்தைக் கணித்தவர்களில் ஒருவர் கார்ல் ஸேகன் என்ற அமெரிக்கர். 1934இல் நியூயார்க் நகரத்தில், ஆடைத் தொழிலில் வேலை பார்த்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். விஞ்ஞானத்தைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லுவதையே ஒரு கலையாக்கி, 1996இல் தம் 62ஆவது வயதில் மறைந்தார். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தை வைத்துக்கொண்டு நான் வான சாஸ்திரப் புத்தகங்களைப் புரட்டத் துணிந்ததற்கு அவர்தான் காரணம். போதாக்குறைக்கு அவர் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். எனக்குப் பொறாமை வந்ததில் ஆச்சரியமில்லையே!

1956இல் சுக்கிரனிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்தபோது, அங்கே நம்ப முடியாத உஷ்ணம் இருக்கும்போல் தெரிந்தது. அலைகள் வேறு எங்கிருந்தாவது வரலாம் என்று பலர் சந்தேகித்தார்கள். இளைஞரான ஸேகனோ, 1960இல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சியில், உஷ்ணம் மெய்தான், அதற்குக் காரணம் அங்குள்ள காற்றுப் போர்வை என்று வாதாடினார். 1962 டிசம்பரில் மாரினர்-2 விண்கலம் சுக்கிரனை ஒட்டிச் சென்று அளந்தது, உஷ்ணம் மெய்தான். 1970இல் ரஷ்யர்களின் வெனிரா-7 அங்கேயே இறங்கி அதை ஊர்ஜிதம் செய்தது.

சுக்கிரனின் தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி சென்டிகிரேட். ரசம் வைக்கிற ஈயச் சொம்பை வெறுமே அடுப்பில் வைத்தால் என்ன கதியாகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சுக்கிரனில் அடுப்பே வேண்டாம். சூரியனுக்கு அருகில் இருப்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. இன்னும் அருகில் இருக்கும் புதனுக்கே அவ்வளவு உஷ்ணம் இல்லை. சுக்கிரனின் காற்றில் 100க்கு 96 பங்கு கரியமில வாயு. வெயிலின் உஷ்ணத்தில் உள்ளே வந்ததை எளிதில் வெளியே விடாத கம்பளி அது.

அந்தக் கம்பளி நமக்கும் உண்டு. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருந்திருக்கும். கடல் உறைந்து, நானும் இல்லை, இதைப் படிக்க நீங்களும் இல்லை. அளவோடு இருக்கும்வரை அது தாயின் முந்தானை. அளவு மீறினால்? ஸ்வீடன் தேசத்து ஆர்ரீனியஸ் 1896லேயே அதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். 1958இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தின் கனம்தான், அந்த உருண்டையின் அளவுக்கு, நம்முடைய மழையும் மேகமும் நடமாடும் காற்றின் கனம். அவ்வளவு மெல்லிய வஸ்துவைத்தான் நாம் புகைபோக்கியாக உபயோகிக்கிறோம்.

பூமி சுக்கிரனாகிவிடும் என்பதல்ல இதன் பொருள். இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே போதும், மழையும் கடலும் பயிரும் பழைய கணக்குக்குக் கட்டுப்படாமல் போய்விடும். 1985 டிசம்பரில் அமெரிக்க செனட் கமிட்டி ஒன்றின் முன்னால் ஸேகன் இதைத்தான் எடுத்துச் சொன்னார். இன்று புகைப்பவன் ஒருவன், நாளை இருமுகிறவன் இன்னொருவன் என்ற ரகத்தைச் சேர்ந்த வியாதி இது. தேசங்கள் ஒன்றுகூடினால் ஒழியத் தீராது.

ஸேகனுடைய யோசனைப்படி எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. 1977இல் புறப்பட்ட வாயேஜர்-1, 1990 பிப்ரவரி 14ஆம் தேதி, சுமார் 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பூமியைத் திரும்பிப் பார்த்து எடுத்தது. ஒரு வெளிச்சக் கீற்றில் சிக்கிய தூசி மாதிரி இருக்கிறது நம்முடைய பூமி.

அந்தப் படத்தை, மாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வேதாந்தத்தில் ஈடுபாடு கொண்டவர். வெகு நேரம் பார்த்துவிட்டு, "பூமியே தூசி! இதில் நான் மொட்டை மாடி விளக்கை அணைத்தால் என்ன, எரியவிட்டால் என்ன, ஸார்?" என்றார்.

கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவர் வீட்டு விளக்கு ஒன்றினால் உலகம் குளிரப் போவதில்லை என்பது நிஜந்தான். ஆனால் தூரத்தில் போய் நின்று பார்ப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, எல்லாம் அற்பம் என்று கையைக் கழுவுவது. அது வேதாந்தத்தின் வேஷ்டியைக் கட்டிக்கொண்ட சோம்பல். மற்றது, நமக்கு இருப்பது இந்த ஒரே வீடுதான் என்று கண்டுகொள்வது. ஸேகன் கண்டது இரண்டாவதை. வேறு போக்கிடமில்லை, ஒருவரிடம் ஒருவர் அன்பாக இருந்து இதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அவர் அந்தத் தூசியிடம் கற்ற பாடம்.

இது நடக்கிற காரியந்தானா? நடந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் இருந்த வாயு, வெயிலின் விஷக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் இரண்டு ரசாயன விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985இல் தென் துருவத்துக்கு மேலே ஓட்டை தெரிந்தது. 1987இல் மான்ட்ரீல் நகரில் தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்தன. ஓட்டை இப்போது மெல்ல ஆறிவருகிறது. சர்க்கார்கள் சட்டம் போட்டன; அதற்கு முன்னாலேயே, அந்தத் தெளிப்பான் எனக்கு வேண்டாம் என்று கடையில் சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டு கையும் சேர்ந்துதான் ஓசை.

பசுமை வாழ்க்கை என்றதும் பாட்டி காலத்துக்குத் திரும்பச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில்லை. அரிசி களைந்த நீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு, பழம் புடவை குழந்தைக்குத் தூளி என்று என் பாட்டி எதையும் வீணாக்காதவள். ஆனால் ஈர விறகை ஊதி ஊதி அவள் கண் சிவந்ததும் அதே அடுப்படியில்தான். அவளுடைய சிக்கனம் வேண்டும், புகை வேண்டாம். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் இது பேராசை ஆகாது.

வெயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1980இல் ஸேகன் 'காஸ்மாஸ்' என்ற தொடரைத் தொலைக்காட்சியில் நடத்தினார். 13 பகுதிகளில் பத்தாவதில் அவர் தமிழ்நாட்டுக்கே வந்துவிடுகிறார். சோழர் காலத்து நடராஜரைக் காட்டுகிறார். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி வருஷம் என்று நம் முன்னோர்கள் போட்ட கணக்கை வியக்கிறார். கிராமத்தில் பொங்கல் பொங்குவதையும் பார்க்கிறோம். சூரியனுக்கு நன்றி சொல்ல ஒரு பண்டிகை வைத்திருக்கும் ஜனங்களை ஒரு வான சாஸ்திரிக்குப் பிடிக்காமல் இருக்குமா?

அந்தப் பொங்கலுக்கு முதல் நாள் நாம் என்ன செய்கிறோம்? 2018 ஜனவரியில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில், சென்னையில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குப் போயின. நன்றி சொல்ல வேண்டிய சூரியனை முந்தின நாளே மறைத்துவிட்டோம்! பழைய பாயும் துடைப்பமும் எரிந்த இடத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வேறென்ன ஆகும்?

என் நண்பர் வேதாந்தத்தை விட்டுவிடவில்லை. ஆனால் சென்ற போகிக்கு அவர் வீட்டு வாசலில் நெருப்பு இல்லை. பழைய சாமான்களை மூட்டை கட்டி, காயலான் கடைக்காரனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "பேரப்பிள்ளைக்கு இருமல், அதனால்தான் ஸார்" என்றார். எந்தக் காரணமானால் என்ன?