காட்டிக்கொடுக்கும் சொல்

கடிதங்களை இப்போது கணினியே படித்து, இனம் பிரித்து, உரிய பிரிவுக்கு அனுப்பிவிடுகிறதாம். எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அரசு அலுவலகத்தில் தபால் பிரித்தவர்களுக்கு இது பழகிய வேலைதான் என்று தோன்றியது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எந்தக் கடிதமானாலும் 'வெய்யே அக்ரேயே, முசியே' என்று ஒரு நீண்ட மரியாதை வாக்கியத்தில் முடிக்க வேண்டும். தமிழ் மனுக்களில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. தபால் பிரிப்பவர் இவற்றின் மேல் கண்ணையே ஓட்டமாட்டார். எல்லா மனுவிலும் இருக்கும் சொல் எந்த மனுவையும் காட்டிக்கொடுக்காது. 'பட்டா', 'வாரிசு', 'ஓய்வூதியம்' இவைதான் காட்டிக்கொடுக்கும்.

1961இல் அமெரிக்கர் மேரன் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் செய்தது. கணினித்துறைக் கட்டுரைகளின் சுருக்கங்கள் 405. பிரிக்க வேண்டிய தலைப்புகள் 32. இலக்கணத்துக்கு மட்டும் உதவும் சிறு சொற்களைத் தள்ளினார். 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லையும் தள்ளினார். அங்கே அது மிக அடிக்கடி வந்தது. ஓரிரு முறை மட்டுமே வந்த சொற்களும் போயின. மிச்சத்தில், ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் அதிகமாகக் குவிந்த சொற்களாகப் பார்த்து 90ஐ மட்டும் வைத்துக்கொண்டார்.

தள்ளுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பிரெஞ்சில் 'இல்லை' என்று சொல்ல 'ந', 'பா' என்ற இரண்டு சின்னச் சொற்கள் வேண்டும். தள்ளவேண்டிய சொற்கள் என்று கணினிக்காரர்கள் புழங்கும் பிரெஞ்சுப் பட்டியல்களில் இந்த இரண்டும் இருக்கின்றன. தலைப்பு பிரிக்க மட்டும் என்றால் பாதகமில்லை. புகாரா, நன்றியா என்று பிரிக்கும்போது தள்ளினால் மறுப்பே மறைந்துபோகும்.

தமிழில் வேறு சிக்கல். 'பட்டாவை', 'பட்டாவுக்கு', 'பட்டாவில்' எல்லாம் ஒரே சொல் என்று கணினிக்குத் தெரிய, விகுதியை வெட்டி வேரை எடுக்கிறார்கள். சரிதான். ஆனால் 'வந்தது', 'வரவில்லை' இரண்டையும் அப்படி வெட்டினால் மிஞ்சுவது 'வா' ஒன்றுதான். கணவரை இழந்த ஓர் அம்மாள், 'மூன்று மாதமாக ஓய்வூதியம் வரவில்லை' என்று எழுதிய மனு நன்றிக் கடிதங்களோடு சேர்ந்துவிடும். அதை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அந்த அம்மாளின் அடுப்பு எரிவது அந்த 'இல்லை'யில் அல்லவா இருக்கிறது!

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்தத் துறையில் இருந்தால், எந்தெந்தச் சொல்லைத் தள்ளுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.