மாமாவின் மட்டைக்குப் புதுப் பிடி

கோல்ஃப் மட்டைக்கும் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

என் மாமனார் கிண்டியில் கேடியாக இருந்தவர். உடனே பயந்துவிடாதீர்கள்! கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு அப்படித்தான் பெயர். என்னைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் இதைச் சொல்ல, எங்கப்பா விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். விவரம் சொல்லி அழைத்து வருவதற்குள் காப்பி ஆறிப்போச்சு.

1829-லேயே கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் கிளப் வைத்து ஆடிய ஆட்டம் இது. நம் சென்னையில் கிண்டி ரேஸ் மைதானத்துக்குள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் புல்வெளி இருந்தது. அங்கே முப்பது வருஷம் பை சுமந்தார் மாமா. இவருக்குக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே குடிவந்தபோது, யாரோ ஒரு பெரியவர் ஆசையாகக் கொடுத்த ஏழாம் நம்பர் மட்டை ஒன்றை மட்டும் கையோடு கொண்டுவந்தார். தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் காகிதப் பந்து வைத்துப் பத்து வீச்சு. அதற்கப்புறம்தான் காப்பி.

ஒருநாள் வீசும்போது மட்டை கையை விட்டுப் பறந்தது. தண்ணீர்க் குடத்தில் பட்டுக் குடம் பிளந்தது. குடத்துக்கு இரண்டடி தள்ளி என் நாலு வயசுப் பெண் உட்கார்ந்து சொப்பு வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா மட்டையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். அதற்கப்புறம் திண்ணையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

கட்டைவிரல் மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. "மெல்லிசான பிடியை இறுக்கிப் பிடிச்சாத்தான் வலி ஜாஸ்தி. பிரஷ், கரண்டி எல்லாத்துக்கும் பிடியைத் தடிமனாக்கிக் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து மட்டையை இறக்கிப் பார்த்தேன். சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுவது போன்ற ரப்பர் உறைதான் அதன் பிடி. வியர்வையும் வெயிலும் பட்டு, கல்லாய் இறுகி வழவழவென்று இருந்தது. கை மேல் மட்டும் குற்றமில்லை என்று அப்போது தோன்றியது.

"மாமா, இதை மாத்த முடியுமா?"

"கிளப்புல மாத்துறதைப் பாத்திருக்கேன்மா. நீ எங்க..." என்று இழுத்தார். ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புது உறையை ஆன்லைனில் வாங்கினோம். இரண்டாக வாங்கியது நல்லதாப் போச்சு, ஏன் என்று சொல்கிறேன். பழைய உறையைக் கத்தியால் நம் உடம்புக்கு எதிர்ப்புறமாகக் கீறினால் தோல் போல உரிந்து வருகிறது. உள்ளே ஒட்டியிருந்த டேப்தான் பிடிவாதம். ஹேர் டிரையர் சூடு காட்டிச் சுரண்டினேன். இவர் கொண்டுவந்த வைஸில் மட்டையைப் பூட்டும்போது, இரும்புக் குழாய் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய ஹவாய் செருப்புத் துண்டு வைத்தேன். அந்த யோசனை என்னுடையது!

குழாய்மேல் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். அதன்மேல் பெயின்ட் கடையில் விற்கிற டர்பன்டைனை ஊற்றினால் பசை வழுக்கலாகிவிடுகிறது. உறையின் தலையில் உள்ள சின்ன ஓட்டையை விரலால் அடைத்து, உள்ளேயும் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். டர்பன்டைன் காய்ந்ததும் பசை பிடித்துக்கொள்கிறது. நான் சிக்கனம் பார்த்துக் கொஞ்சமாக ஊற்றினேன்; உறை பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வெட்டித்தான் எறிந்தேன்.

இரண்டாவது தடவை தாராளமாக ஊற்றினேன். அதோடு, டேப்புக்கு அடியில் காகித மாஸ்கிங் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிப் பிடியைத் தடிமனாக்கினேன். சர்ரென்று போய் உட்கார்ந்தது. "கோடு நேரா இருக்கா பாரு, கோடு நேரா இருக்கா பாரு" என்று மாமா பக்கத்தில் நின்று விரட்டினார். ஒருநாள் முழுக்கக் காயவிட்டோம். இதையெல்லாம் வாசலில்தான் செய்தேன். டர்பன்டைன் சட்டென்று தீப்பற்றும். அதன் ஆவியும் தலையைச் சுற்றும். அடுப்பு இருக்கிற பக்கமே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும்படியும் வைக்காதீர்கள்.

மறுநாள் காலையில் மாமா மட்டையைக் கையில் வாங்கி இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். பிறகு கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பி, "பாப்பாவை உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போடும்மா" என்றார். தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக எண்ணினேன். எட்டு வீச்சு. எட்டாவதுக்கு மேல் தோள் வலித்ததாம்.

இப்போது அவர் பல் தேய்க்கும் பிரஷுக்கும் சாப்பாட்டு ஸ்பூனுக்கும் ஸ்பாஞ்சுக் குழாய் மாட்டியிருக்கிறேன். எதிர்வீட்டுத் தாத்தா தன் கைத்தடியை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் அடி ரப்பரும் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. நாளைக்கு அதைப் பார்க்க வேண்டும்.