பச்சை ஒயின்

போர்த்துகீசிய மொழியில் ‘வின்யோ வெர்தே’ என்றால் பச்சை ஒயின். பெயரைக் கேட்டுவிட்டுக் கிளிப் பச்சையில் ஏதோ வரப் போகிறது என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். வருவது, எலுமிச்சம்பழச் சாற்றில் நிறையத் தண்ணீர் விட்டது போல வெளிறிய ஒன்று. சிவப்பிலும் உண்டு, அதற்கும் பெயர் பச்சைதான். பச்சைக் குழந்தை, பச்சைப் புண் என்கிறோமே, அந்தப் பச்சை. நாள்படாதது என்று அர்த்தம். தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

விளைகிற இடம் மின்யோ. போர்த்துகல் தேசத்தின் வடமேற்கு மூலை; அட்லாண்டிக் சமுத்திரத்து மழை வந்து கொட்டுகிற கருங்கல் பூமி. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்துப் பிரித்து நிலம் துண்டு துண்டாகிவிட்டது. அந்தத் துண்டில் மக்காச்சோளமும் கீரையும் போட்டால்தான் வயிறு நிறையும். ஆகவே திராட்சையை வரப்போரத்து மரங்களில் ஏற்றிவிட்டார்கள், மலையாளத்தில் மிளகுக் கொடியை ஏற்றுவது போல. பழம் பறிக்க ஏணி வேண்டும். மழையிலும் இலை நிழலிலும் தொங்குகிற பழத்தில் சர்க்கரை எங்கே ஏறும்? புளிப்பு மிஞ்சிற்று, போதை குறைந்தது. இப்போது பெரும்பாலும் கம்பி கட்டித் தாழப் படர விடுகிறார்கள். ஆனாலும் பழைய மரக்கொடிகள் அங்கங்கே கண்ணில் படத்தான் செய்கின்றன.

நான் இதைக் குடித்தது போர்ட்டோ நகரத்தில், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில். ஜூன் மாதம். தெருவெல்லாம் மத்தி மீன் சுடுகிற புகை. கூட வந்த நண்பர், சாப்பாடு வருவதற்கு முன்பே ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஏன் சார், இதையா புகழ்ந்தீர்கள்? புளித்த மோர் இதைவிடத் தேவலை.”

“மீன் வரட்டும், பொறுங்கள்” என்றேன்.

கல் உப்புப் போட்டுக் கரியில் சுட்ட மத்தி வந்தது. அதைத் தடித்த ரொட்டித் துண்டின் மேல் வைத்து, வழிகிற நெய்யை ரொட்டி குடிக்கும்படி விட்டுச் சாப்பிட வேண்டும். நாலு வாய்க்குள் நாக்கில் எண்ணெய் படர்ந்துவிடுகிறது. அப்போது ஒரு மடக்கு. எண்ணெய் போன இடம் தெரியவில்லை. அடுத்த வாய்க்கு நாக்கு புதிதாகக் காத்திருக்கிறது. வறுத்த மீனுக்கு நாம் எலுமிச்சை பிழிவதும் குழம்பில் புளி கரைப்பதும் இந்தக் காரியத்துக்குத்தானே? நாம் புளிப்பைச் சட்டியிலேயே சேர்த்துவிடுகிறோம். அவர்கள் அதைத் தனியாகக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டினார்.

இதனாலேயே நம் புளிக்குழம்புக்கு இது ஒத்து வராது என்பது என் அபிப்பிராயம். மெதுவடைக்கும் பஜ்ஜிக்கும் ஒத்துப் போகும்.

அவர்கள் கருவாட்டுக்குக் கொஞ்சம் கனமான ஒயின் வேண்டும். ‘பக்கல்யாவ்’ என்று உப்பிட்டுக் காய வைத்த காட் மீன்; ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, உருளைக்கிழங்கோடு வேக வைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஸ்பெயின் எல்லையோரம் மொன்சாவ், மெல்காசோ பக்கத்தில் விளையும் அல்வரின்யோ என்ற திராட்சையின் ஒயின் அதற்குத் தாங்கும். லிமா ஆற்றுப் பக்கத்து லோரெய்ரோ மணம் மிகுந்தது. மட்டிச் சதைக்கும் வெறும் மீனுக்கும் அது போதும்.

வெளிநாட்டுக்குப் போகிற மலிவுச் சீசாக்களில் கொஞ்சம் தித்திப்பை விட்டு, வாயுவையும் ஏற்றி அனுப்புகிறார்கள். சோடா மாதிரி இறங்குகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சோறில்லாமல் குடிக்கலாம் என்பதுதான் அதில் எனக்குள்ள குறை. நான் பிறந்த தெருவில் குடித்தவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றில், நின்றபடி, மறைவில் குடித்தவர்கள். அவர்களில் ஒருவர்கூடத் தம் பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கடையில் பக்கத்து மேசையில் பாட்டி, மகன், மருமகள், ஒரு சிறு பெண். பெரியவர்கள் மூவருக்கும் ஒரே சீசா. மீன் தீர்ந்தபோது அதுவும் தீர்ந்தது. பாட்டி ரொட்டித் துணுக்குகளைக் கூட்டித் தட்டில் போட்டுக்கொண்டே பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அங்கும் குடித்துக் கெட்டவர்கள் இருப்பார்கள். ஆனாலும் நான் சாப்பாட்டைவிட அந்த மேசையையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு சீசா வாங்கி வந்தார். சாதாரண வின்யோ வெர்தேயைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் புத்துணர்ச்சி போய்விடும் என்று கடைக்காரர் சொன்னதையும் கேட்டார். பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அலமாரி, சாவி இரண்டும் போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்த சொற்கள்தான். பெண் ஒன்பதாவது படிக்கிறாள்.