சிம்பிளா ஒரு ரசம்

சங்கப் பாடல்களில் பாலை பிரிவுக்குரிய திணை. பொருள் தேடித் தலைவன் போவான். தலைவி வீட்டில் நாள் எண்ணிக் காத்திருப்பாள். இருவரும் சேர்ந்து நடக்கும் உடன்போக்கும் இதே பாலை வழியில்தான் நிகழ்கிறது. அவளைப் பொறுத்தவரை அந்த நடைக்கு ஒரு பொருள் உண்டு: வீடு பின்னால் நின்றுவிடுகிறது. தாயும் செவிலியும் அழுவது அதற்காகத்தான்.

கேம்பர் வேனில் போனால் வீடு பின்னால் நிற்பதில்லை. கூடவே வருகிறது.

கணவரின் வேலை நிமித்தம், ஊதியமில்லா விடுப்பில் ஓராண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தேன். பிப்ரவரியின் மூன்றாம் திங்கள் அங்கே அதிபர்கள் தினம். சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. வாடகை வேனில் பாம் ஸ்பிரிங்ஸ் கிளம்பினோம். கிழக்கே இரண்டு மணி நேரப் பயணம். கணவாய் முழுக்கக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழி நினைவுக்கு வந்தது. அதைத் தாண்டினால் சான் ஹசின்டோ மலையடியில் பாலைவனம், பாலைவனத்துக்குள் நீச்சல் குளங்கள், கோல்ஃப் புல்வெளிகள்.

வேனுக்குள் இரண்டு பர்னர் அடுப்பு, முழங்கை இடிக்கும் சிங்க். முகாமில் வண்டியை நிறுத்தியதும் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. வெளியே அவர்: மின்சார ஒயர், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். அரை மணியில் முடித்துவிட்டார். பக்கத்து வேன்காரர்கள் வந்து கைகுலுக்கினார்கள். உள்ளே நான். அந்த வேலைக்கு முடிவும் இல்லை, கைகுலுக்க வருபவரும் இல்லை.

“லீவுலதானே இருக்கோம், பெருசா ஒண்ணும் வேணாம்மா. சிம்பிளா ஒரு ரசம் போதும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ரசம் சிம்பிள்தான், சாப்பிடுகிறவருக்கு. புளி ஊறவேண்டும், பருப்பு வேகவேண்டும், மிளகு சீரகம் தட்டவேண்டும், தாளிக்கவேண்டும். சோறு தனி. அத்தனை பாத்திரங்களையும் அந்தச் சிங்கில் கழுவவேண்டும். சாப்பிட்டுவிட்டு “சூப்பர்” என்றார். குறுந்தொகை 167ஆம் பாடலில், தாளிப்புப் புகை கண்ணில் ஏறச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றென்று உண்டதும் மனைவி முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தெரியும். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாட்டு. அவளுக்குக் கல்யாணமான புதிது. எனக்குப் பத்தொன்பது வருடம்.

பாத்திரம் கழுவி முடித்த இரவில் அந்த ஊரின் வரலாற்றைப் படித்தேன். நகரின் நடுவே செக்‌ஷன் 14 என்று ஒரு சதுர மைல் நிலம், அகுவா காலியன்டே கவீயா பழங்குடியினருடையது. விடுதிகளில் அறை கூட்டிய பெண்களும், தோட்ட வேலையும் கட்டட வேலையும் செய்தவர்களும் அங்கே குடியிருந்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர், மெக்சிகோ வழி வந்தவர்கள். ஊரின் மற்ற இடங்களில் நிறத்தின் பெயரால் அவர்களுக்கு வீடு மறுக்கப்பட்டது. 1950களிலும் 60களிலும் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. நகரின் தீயணைப்புத் துறையே தீ வைத்தும் அழித்தது. நகரமன்றம் மன்னிப்புக் கேட்டது 2021இல்.

அவர்கள் இழந்தது வீடு. என் நாலு பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வரலாறு ஒரு கேள்வியைக் கற்றுத்தந்தது: யாராவது ஓய்வெடுக்கும் இடத்துக்குப் போனால், அந்த ஓய்வைத் தயாரித்துத் தருபவர் எங்கே இருக்கிறார்?

ஞாயிறு இரவு “இன்னைக்கு ரசம் நீங்க வைங்க” என்று சொல்லிவிட்டு வேன் படியில் உட்கார்ந்தேன். புளி எங்கே, எவ்வளவு, பருப்புத் தண்ணி எப்போ ஊத்தணும் என்று உள்ளிருந்து கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் “பாருங்க” என்றேன். எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் அன்று நான் செய்த கடினமான வேலை. மலைக்கு மேல் நட்சத்திரங்கள் வந்திருந்தன. ஒன்பதரைக்கு ரசம் வந்தது, உப்புத் தூக்கலாக.

ஊர் திரும்பியபின் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். ‘சிம்பிளா’ என்ற சொல்லை அன்று சமைக்கப்போகிறவர் மட்டுமே சொல்லலாம்.