எழுதாமல் விட்ட ஒரு வரி



சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை ஆண்டுதோறும் மூத்த மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்வோர் அதை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதற்குச் சலிப்படையக் கூடாது என்று அது நமக்குக் கற்பிக்கிறது. சென்ற ஆண்டு இந்தப் பாடத்தின் நடுவே மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், அண்ணன் தம்பிக்குள்ளும் எழுதத்தான் வேண்டுமா?" என்று கேட்டான். "ஆம்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தத் தயக்கத்தின் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் வரும் என் தம்பியும் என் தங்கையின் கணவரும் இதை வெளியிடச் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

நாங்கள் வசிப்பது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட பகுதியில். என் இளமையில் ஏரியும் வயலும் கருவேலங்காடுமாக இருந்த நிலம் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஆலை எழுந்தால் அதனுள் அலுவலக அறைகள் வேண்டும். தடுப்புகள், ஃபால்ஸ் சீலிங், உணவுக்கூடம், தொழுகைக்கும் ஓய்வுக்குமான அறைகள் வேண்டும். வேலைக்கு வந்த கொரிய, ஜப்பானிய அதிகாரிகளின் வீடுகளுக்கு அலமாரியும் சமையலறை மேடையும் வேண்டும். இவ்வாறுதான் உள்அலங்காரத் தொழில் எங்கள் ஊருக்குள் நுழைந்தது.

என் தங்கையின் கணவர் பிளைவுட் கடை ஒன்றில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். நான்கு ஆசாரிகளை வைத்துச் சிறு பட்டறை நடத்தி வந்தார். தங்கைக்கு இளையவனான என் தம்பி ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில் வரைபடம் வரைபவனாக இருந்தான். கடைகளுக்கும் வில்லாக்களுக்கும் உள்வேலை செய்து தரும் நிறுவனம் அது. 2011 நோன்புப் பெருநாளுக்குத் தம்பி ஊர் வந்தபோது, பெருநாள் தொழுகை முடிந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் மூவரும் அமர்ந்து பேசினோம். தம்பி 40,000 திர்ஹம் தருவதாகச் சொன்னான். அன்று ஒரு திர்ஹம் ஏறக்குறைய 12.50 ரூபாய், ஆக 5 லட்சம். மாப்பிள்ளை தம் பட்டறையையும் கையிருப்பையும் சேர்த்து 5 லட்சம் எனக் கணக்கிட்டார். சரிபாதிக் கூட்டு. "மச்சான், ஒரு தாளில் எழுதிக்கொள்வோமா?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "நமக்குள் எதற்கு எழுத்து? பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்."

தொழில் வளர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 2013இல் ஒரு சோதனை வந்தது. ஆலை ஒன்றின் உணவுக்கூட வேலையை முடித்துக் கொடுத்தும், மேல் ஒப்பந்தக்காரரிடமிருந்து பணம் வரவில்லை. உத்தரப் பிரதேசத்துச் சஹாரன்பூரிலிருந்து வந்த ஆசாரிகளும் உள்ளூர்ப் பெயிண்டர்களுமாகப் பதினெட்டுப் பேருக்குக் கூலி பாக்கி. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். மாப்பிள்ளை உறக்கமின்றித் தவித்தார். தம்பி 30,000 திர்ஹம் அனுப்பினான். அந்த ஆகஸ்ட் இறுதியில் ரூபாய் வீழ்ந்து ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியிருந்தது. டாலருக்கு 3.6725 எனக் கட்டப்பட்டிருப்பதால் திர்ஹமும் கூடவே உயர்ந்து 18 ரூபாயைக் கடந்தது. ஏறத்தாழ 5,40,000 ரூபாய் கைக்கு வந்தது. "முதலில் கூலியைக் கொடுத்துவிடுங்கள் மச்சான்" என்று மட்டும் தம்பி தொலைபேசியில் சொன்னான். இது கடனா, கூடுதல் பங்கா என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

2015இல் தம்பி ஷார்ஜாவில் சொந்தமாக உரிமம் எடுத்தான். அக்காலத்தில் அந்நாட்டில், சுதந்திர வணிக வலயங்களுக்கு வெளியே இத்தகைய வணிக நிறுவனம் நடத்த, அந்நாட்டவர் ஒருவர் 51 விழுக்காட்டுப் பங்காளியாக இருக்க வேண்டும் என்பது விதி. 2021இல்தான் அது தளர்த்தப்பட்டது. அந்த அரபிய உரிமையாளருடன் ஒவ்வொரு விதியும் அரபியில் எழுதப்பட்டு, நோட்டரி முன் முத்திரையிடப்பட்டது. அறிமுகமே இல்லாத ஒருவருடன் இத்தனைத் தாள்கள். சொந்த அக்காள் கணவருடன் ஒரு வரி கூட இல்லை. இதை அப்போது எங்களில் எவரும் வியக்கவில்லை.

இரு நாட்டுத் தொழில் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஷார்ஜாவில் தம்பி கடையையோ வீட்டையோ அளந்து மாலையில் அளவுகளை அனுப்புவான். ஒரகடத்து அலுவலகத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் கணினியில் வரைபடமும் பலகை வெட்டும் பட்டியலும் தயாரிப்பார்கள். அப்போது அங்கே வெள்ளி விடுமுறை, இங்கே ஞாயிறு விடுமுறை. ஆகவே வாரத்தில் இரு நாள்கள் ஒருபக்கம் மட்டுமே வேலை ஓடும். இங்கே ஐப்பசி மழையில் கதவுப் பலகை ஊதும். அங்கே குளிர்சாதனக் காற்றில் மரம் வறண்டு இணைப்பு விலகும். ஒரே வரைபடம் இரு ஊருக்கும் பொருந்தாது என்பதை அவர்கள் நட்டப்பட்டே கற்றார்கள். இங்கே 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, அங்கே 2018 ஜனவரியில் 5 விழுக்காடு வாட் என இரு வரிக்கணக்குகளும் சேர்ந்தன. இரு நாடுகளிலும் வேலை முடிந்த பின்னர் ஒரு பங்குத் தொகையைப் பிழை திருத்தும் காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே இலாபம் ஏட்டில் தெரியும், கையில் இராது. வரைபவர்களின் சம்பளம் எந்தத் தொழிலின் செலவு என்பதையும் யாரும் எழுதவில்லை.

2022இல் தம்பி தனியே பிரிய விரும்பினான். அப்போது ஒரு டாலர் 82 ரூபாயைத் தொட்டு, ஒரு திர்ஹம் 22 ரூபாய்க்கு மேல் நின்றது. அந்த 30,000 திர்ஹம் கடன் என்றால், திர்ஹமாகத் திருப்பித் தர 6,60,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். ரூபாய்க் கடன் என்றால் 5,40,000 போதும். முதலீடு என்றால், சரிபாதிக் கூட்டு குலைந்து பட்டறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தம்பிக்குரியதாகிவிடும். ஒரே தொகைக்கு மூன்று கணக்குகள். மூன்றையும் நேர்மையாக நம்பியே அவர்கள் பேசினார்கள் என்பதுதான் வேதனை. எவரும் பொய் சொல்லவில்லை.

ஓராண்டுக்கும் மேலாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தங்கை தம்பி வீட்டுப் படியேறவில்லை. அவ்வாண்டுப் பெருநாளில் எங்கள் தாயார் பிரியாணியை இரு வேளையாகப் பரிமாறினார். நண்பகலில் மகள் குடும்பத்திற்கு, அஸருக்குப் பின் மகன் குடும்பத்திற்கு. இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து, "நீங்கள்தானே இருந்தீர்கள், சொல்லுங்கள்" என்றார்கள். நான் என்ன சொல்வேன்? எழுதுவோம் என்றவரைத் தடுத்தவன் நான். என் சாட்சியத்திற்கு என்ன மதிப்பு?

மார்க்கச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு நாணயத்தில் வாங்கிய கடனை அதே நாணயத்தில், அதே எண்ணிக்கையில் திருப்ப வேண்டும். மதிப்பு ஏறியிறங்கியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடியபோது தீர்மானித்தது. கூட்டு முதலீடு வெவ்வேறு நாணயங்களில் இருந்தால், சேர்ந்த நாளின் மதிப்பில் ஒரே நாணயமாக்கிக் கணக்கிட வேண்டும் என்பது இஸ்லாமிய நிதித்துறையின் வழக்கம். ஆனால் எந்த விதி நமக்குப் பொருந்தும் என்பதை, கொடுத்த அன்று சொன்ன சொல் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சொல்தான் எங்களிடம் இல்லை.

இறுதியில் காஞ்சிபுரத்து ஆலிம் ஒருவர் முன்னிலையில் ஸுல்ஹ் செய்தோம். தங்கை தன் வீட்டுச் செலவு நோட்டில் அந்த வாரக் கூலிப் பட்டியலை எழுதி வைத்திருந்தாள். அதன் மேல் ஓரத்தில் "தம்பி 30,000 – கூலிக்கு" என்று இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே எழுத்து அதுதான். கூலிக்கெனத் தந்ததைக் கடனாகக் கொள்வது பொருத்தம் என்று ஆலிம் கருத்துச் சொன்னார். மாப்பிள்ளை அதைத் திர்ஹமாகவே பன்னிரண்டு தவணைகளில் தர ஒப்புக்கொண்டார். ஷார்ஜா வேலைக்கென வரைந்தவர்களின் பழைய சம்பளத்தைத் தம்பியிடம் கேட்பதையும் விட்டுக்கொடுத்தார். தம்பி கூடுதல் பங்குக்கான உரிமையை விட்டான். பட்டறை சரிபாதியாகவே மதிப்பிடப்பட்டது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் செல்லும்போதெல்லாம் கிரசென்ட் கல்லூரியை நிறுவிய கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். 1973இல் துபாயில் அல் குரைர் குடும்பத்தாருடன் கூட்டாக ஈடிஏ நிறுவனத்தைத் தொடங்கியவர். 1984இல் வண்டலூரில் அந்தக் கல்லூரியை எழுப்பியவர். மொழியும் நாடும் வேறான இரு குடும்பங்களின் கூட்டு உறவின் பெயரால் நடக்க முடியாது. நாங்களோ உறவு இருக்கிறது என்பதாலேயே ஒப்பந்தம் வேண்டாம் என்று எண்ணினோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் நாட்டுக்கு அனுப்பியபோது, தம் பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பினார்கள். அல்அமீன் எனப் பெயர் பெற்றவருடனும் ஒருவர் உடன் சென்றார்; அதனால் அவர்களின் நம்பகத்தன்மைக்கு ஒரு குறையும் நேரவில்லை. திரும்பி வந்த மைஸராவின் சொல் அதற்குச் சான்றாகவே அமைந்தது.

இன்று அவை இரண்டு தனித் தொழில்கள். ஒரகடம் வரைகிறது, ஷார்ஜா கூலி தருகிறது. இடையில் மூன்று பக்க ஒப்பந்தம் இருக்கிறது: கணக்கு எந்த நாணயத்தில், எந்த நாளின் மதிப்பில், வங்கிக் கட்டணம் யாருடையது, இடையில் அனுப்பும் பணம் கடனா, பங்கா என்பதை அனுப்பும் அன்றே எழுத்தில் குறிப்பது, நிறுத்தி வைத்த தொகை வந்தால் எப்படிப் பிரிப்பது, ஒருவர் மௌத்தானால் வாரிசுகளுக்கு என்ன, பிணக்கு வந்தால் யாரிடம் செல்வது. சாட்சிகள் இருவர். நான் அவர்களில் ஒருவன் அல்லன். நானே வேண்டாம் என்றேன்.

சென்ற பெருநாளில் எல்லோரும் ஒரே வேளையில் உண்டோம். தம்பி அக்காவின் வீட்டுக்கும் சென்று வந்தான். எனினும் முன்பு மச்சானைக் கேலி செய்து உரக்கச் சிரிக்கும் அவன், இப்போது மரியாதையாகவே பேசுகிறான். பணத்தைப் பங்கிட்டு முடித்துவிட்டோம். இதை மீட்க எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, வளைகுடாவில் ஒரு காலும் ஊரில் ஒரு காலும் வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களே, இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். எழுதுவோம் என்று உங்களில் ஒருவர் சொன்னால், என்னைப் போல் அவரைத் தடுத்துவிடாதீர்கள்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் நம் உறவுகளில் இணக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.